கிழக்கேகோட்டையிலிருந்து மன்றோ துருத்துக்கு: ஒரு நீர்வழியும் அதன் அமைதியும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தங்கியிருக்கும் ஒருவர், ஒரே பகலில் ஆரவாரமற்ற தீவுக்கரை ஒன்றைக் கண்டு திரும்ப விரும்பினால், இன்று அவருக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படும் இடம் மன்றோ துருத்து. தம்பானூரில் காலையில் பயணிகள் ரயிலேறினால் கொல்லத்தைக் கடந்து அத்தீவிலேயே இறங்கலாம். அங்கே ஒரு சிறு வள்ளத்தைத் தனியாக வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம். வள்ளக்காரர் கடைக்கோடியில் நின்று நீண்ட கழியை ஊன்றித் தள்ள, தென்னையும் கண்டலும் கவிந்த ஒடுங்கிய தோடுகளின் வழியே வள்ளம் நழுவி, அஷ்டமுடிக் காயலின் அகன்ற குடாவுக்குள் நுழையும். கழி நீரைத் தொடும் ஓசையும் நீர்க்காகத்தின் சிறகடிப்பும் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. மாலைக்குள் மீண்டும் கிழக்கேகோட்டை.

இப்பயணத்தில் ரயிலுக்கும் பேருந்துக்கும் இடமுண்டு. ஆனால் கிழக்கேகோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வள்ளக்கடவுக்கு இடமில்லை. 'வள்ளம்' என்பது படகு. 'கடவு' என்பது துறை. பெயரிலேயே படகுத்துறையைச் சுமந்து நிற்கும் அவ்வூரிலிருந்து அஷ்டமுடி வரை நீர்வழியே செல்ல முடிந்த காலம் ஒன்றிருந்தது. அவ்வழியில் தனிப்படகில் சென்றவர் யார், நெரிசலில் சென்றவர் யார், துருத்தின் இன்றைய அமைதி எங்கிருந்து வந்தது என்னும் மூன்று வினாக்களும் ஒரே வரலாற்றைச் சேர்ந்தவை.

கிழக்கேகோட்டை என்பது பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டையின் கீழைவாயில். அவ்வாயிலிலிருந்து கிழக்கே நீளும் சாலைக் கம்போளத்தை உருவாக்கியவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ். தமிழ் வணிகர்கள் வேரூன்றிய அக்கடைத்தெருவுக்கு வடக்கிலிருந்து வந்த சரக்குகளின் வாயில் மேற்கே இருந்தது. வள்ளக்கடவில் இறக்கப்பட்ட மூட்டைகள் மாட்டு வண்டிகளில் ஏறிச் சாலையை அடைந்தன. ஆகவே கிழக்கேகோட்டையின் வணிகம் அதற்கு மேற்கிலிருந்த ஒரு படகுத்துறையைச் சார்ந்திருந்தது.

அத்துறைக்கு உயிர் கொடுத்தது பார்வதி புத்தனாறு. 1815 முதல் 1829 வரை அரசப் பிரதிநிதியாக ஆண்ட ராணி கௌரி பார்வதி பாயியின் காலத்தில் வெட்டப்பட்ட கால்வாய் இது. 'புத்தனாறு' என்றால் புதிய ஆறு. கடலுக்கு இணையாக வடக்கு நோக்கிச் சென்று வேளிக் காயலையும் கடினங்குளம் காயலையும் தலைநகரோடு இணைத்தது. அதற்கு வடக்கே அஞ்சுதெங்கு, பிறகு வர்க்கலை, நடயறைக் காயல், பரவூர்க் காயல், கொல்லம் தோடு, இறுதியில் அஷ்டமுடி என்பது நீர்வழியின் வரிசை. இயற்கை தந்த காயல்களை மனிதர் வெட்டிய தோடுகள் கோத்து ஒரே பாதையாக்கின.

அப்பாதையில் ஓர் இடத்தில் மட்டும் இயற்கை இடங்கொடுக்கவில்லை. வர்க்கலையில் செம்பாறைக் குன்றுகள் கடல் வரை வந்து நிற்கின்றன. தெற்கிலிருந்து வந்த படகு அங்கே நின்றுவிடும். சரக்கும் பயணியரும் தரைவழியே குன்றைக் கடந்து, மறுபுறம் வேறு படகில் ஏற வேண்டும். கும்பகோணத்தில் பிறந்து 1858 முதல் 1872 வரை திவானாக இருந்த தி. மாதவராவின் காலத்தில் குன்றைக் குடைந்து நீர்வழி அமைக்கும் பணி தொடங்கியது. வில்லியம் பார்ட்டன் அரசின் தலைமைப் பொறியாளர். ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆட்சி முடிந்த 1880இல் பணி நிறைவெய்தியபோது 924 அடி நீளத்தில் ஒன்றும் 2,364 அடி நீளத்தில் மற்றொன்றுமாக இரு குகைவழிகள் உருவாகியிருந்தன. வள்ளக்கடவில் ஏறியவர் வர்க்கலையில் தரையிறங்காமலேயே கொல்லத்தை அடைய அதன் பின்னரே இயன்றது.

தெற்கு நோக்கிய முயற்சிக்கு இந்நிறைவு வாய்க்கவில்லை. திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோடு இணைக்க 1860இல் தொடங்கப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் இடையில் நின்றுபோயிற்று. பத்மநாபர், இங்கிலாந்து அரசி, மார்த்தாண்ட வர்மா ஆகிய மூவரின் பெயரையும் தாங்கிய அக்கால்வாயின் எச்சங்கள் 1956க்குப் பின் தமிழ்நாட்டில் சேர்ந்த குமரி மாவட்டக் கடலோரத்தில் இன்றும் தென்படுகின்றன.

இந்நீர்வழியில் தனிப்படகு என்பது வளவர வள்ளம். ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டிய வள்ளத்தின் மேல் மூங்கிலும் ஓலையும் கொண்டு வளைத்த கூரை. உள்ளே பாய் விரித்துப் படுக்க இடம். முன்னும் பின்னும் துழாவுவோர். வெயிலைத் தவிர்க்க இரவுப் பயணமே விரும்பப்பட்டது. மாலையில் ஏறியவர் உறங்கி எழும்போது காயலின் மறுகரை கண்ணில் படும். அத்தகைய பயணம் மன்னர் குடும்பத்தார், ஆங்கில ரெசிடெண்ட், உயர் அலுவலர், மிஷனரிமார், செல்வ வணிகர் ஆகியோருக்கே எளிதில் வாய்த்தது. அஷ்டமுடிக் கரையில் மன்னர்கள் தங்கிய தேவள்ளி அரண்மனையும் ஆசிராமத்து ரெசிடென்சி மாளிகையும் நீரை நோக்கி நிற்பதன் காரணம் இதுவே. விருந்தினர் வந்திறங்கிய வாயில் நீர்ப்புறத்தில் இருந்தது. கூரைக்குள் உறங்கியவரின் தனிமையைத் துழாவியவரின் உழைப்பு தாங்கியது. அவர்களுள் பலருக்கு, அப்படகுகள் சென்று சேர்ந்த தலைநகரின் பெருங்கோயிலுக்குள் நுழைய உரிமையில்லை. 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும் வரை அத்தடை நீடித்தது.

இவ்வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்பட்ட தருணம் முறஜபம். பத்மநாபசுவாமி கோயிலில் 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாட்கள் நடைபெறும் வேத ஓதல் இது. மகர சங்கராந்தி நாளின் இலட்சதீபத்தோடு நிறைவுறும். வடக்கே கொச்சியிலிருந்தும் மலபாரிலிருந்தும் வரும் நம்பூதிரிமாரின் பயணத்துக்கு அரசே படகும் உணவும் ஏற்பாடு செய்தது. கோட்டைக்குள் வேதம் ஒலிப்பதற்கு முன்னரும் பின்னரும் நீர்வழி முழுதும் படகுகள் நிறைந்தன.

1924 ஜனவரியில் ஒரு முறஜபம் நிறைவுற்றது. அதன் பின் திரும்புவோரின் கூட்டம் கொல்லத்துப் படகுத்துறையில் மிகுந்திருந்தது. ஜனவரி 16ஆம் நாள் இரவு அங்கிருந்து ஆலப்புழைக்குப் புறப்பட்ட 'ரிடீமர்' என்னும் பயணிகள் படகு, ஏற்றத்தக்க அளவுக்கு மிகுதியான மக்களைச் சுமந்து சென்றது. பல்லனை ஆற்றின் வளைவொன்றில் அது கவிழ்ந்தது. இறந்தோருள் மலையாளத்தின் மகாகவி குமாரன் ஆசானும் ஒருவர். வயது 50. அஞ்சுதெங்குக்கு அருகே காயிக்கரையில், அதே நீர்வழியின் ஓரத்தில் பிறந்தவர் அவர். நாராயண குருவின் சீடர். சாதிக் கொடுமையைத் தம் காவியங்களில் கடிந்தவர். முறஜபம் நடந்த கோயிலுக்குள் அவருக்கு அனுமதி இல்லை. கோயிலிலிருந்து திரும்பியவர்களும் கோயிலுக்குள் விடப்படாதவரும் ஒரே படகில் இருந்தனர். அடுத்த மார்ச் 30ஆம் நாள் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்கான சத்தியாகிரகம் தொடங்கியது. தெரு பிரித்து வைத்தவர்களைப் பொதுப்படகு முன்னரே ஒன்றாக உட்கார வைத்திருந்தது. ஆனால் தனிப்படகுக்குக் கிடைத்த பாதுகாப்பு பொதுப்படகுக்குக் கிடைக்கவில்லை.

இதற்குள் நீர்வழியின் காலமே மாறத் தொடங்கியிருந்தது. செங்கோட்டை வழியாகக் கொல்லத்தை 1904இல் எட்டிய ரயில்பாதை, 1918 ஜனவரி 1ஆம் நாள் திருவனந்தபுரம் சாக்கை வரை நீண்டது. முதல் ரயில் நிலையம் புத்தனாற்றின் அருகிலேயே அமைந்தது குறிப்பிடத்தக்கது. ரயிலும் அன்று படகுத்துறையை நாடியே வந்தது. 1931இல் பாதை தம்பானூருக்கு நீட்டப்பட்டபோது நகரின் வாயில் நீரைவிட்டு விலகியது. வள்ளக்கடவை ஒட்டிய நிலத்தில் 1930களில் விமான நிலையம் எழுந்தது. லாரிகள் பெருகின, சாலைக் கம்போளத்தின் மூட்டைகள் வேறு வழியே வந்தன. படகு குறைந்தபோது தோட்டைத் தூர்வாரும் தேவையும் குறைந்தது. நகரின் கழிவுநீர் புத்தனாற்றில் சேர்ந்தது, ஆகாயத்தாமரை மூடியது. வர்க்கலைக் குகைவழிகளும் மண்சரிந்து பயனிழந்தன.

பாதை மறைந்த பின்னும் அதன் மறுமுனை மறையவில்லை. மலையாளத்தில் 'துருத்து' எனப்படுவது தமிழின் 'துருத்தி'. ஆற்றிடைக் குறை என்பது பொருள். திருப்பூந்துருத்தி என்னும் ஊர்ப்பெயரில் காவிரிக்கரை அச்சொல்லைக் காத்துவைத்துள்ளது. கல்லடையாறு மலையிலிருந்து கொண்டுவந்த வண்டல் காயலின் வாயில் படிந்து துருத்துகளாயிற்று. கர்னல் ஜான் மன்றோ 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரின் ரெசிடெண்ட். 1811 முதல் 1814 வரை திவானும் அவரே. தோடுகள் வெட்டி இந்நிலங்களைத் திருத்தச் செய்தவர் அவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1809 ஜனவரியில் வேலுத்தம்பி ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரகடனம் வெளியிட்ட குண்டறை இங்கிருந்து வெகுதூரமில்லை. அக்கிளர்ச்சி அடங்கிய பின் வந்த அதிகாரியின் பெயர் அதன் அருகிலேயே நிலைத்தது. பின்னர்த் துருத்து சர்ச் மிஷன் சங்கத்தாரின் பொறுப்பில் இருந்தது. 1930இல் அரசப் பிரதிநிதி சேது லட்சுமி பாயியின் அரசு அதனை மீட்டுக்கொண்டது. நெல்லும் தென்னையும் கயிற்றுத் தொழிலும் அங்கே குடிகளை வாழ வைத்தன.

வண்டலால் பிறந்த நிலம் வண்டலாலேயே நிலைக்கும். ஆண்டுதோறும் வெள்ளம் கொண்டுவந்த மண், அமிழ்ந்த அளவை ஈடுசெய்தது. கல்லடைப் பாசனத் திட்டத்தின் தென்மலை அணை 1980களில் நீரைத் தேக்கத் தொடங்கிய பின் அவ்வண்டலின் வரவு குன்றியது. ஆற்றில் மணல் அள்ளியதும் கடல்மட்டம் உயர்வதும் அதனோடு சேர்ந்துகொண்டன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகே நிலைமை மோசமாயிற்று என்பார் ஊரார் பலர். 1958இல் துருத்தின் ஊடாக அமைந்த ரயில்பாதையின் அதிர்வைக் காரணமாகக் கூறுவோரும் உண்டு. காரணங்களின் பங்கு பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். விளைவு பற்றி இல்லை. ஓதம் ஏறும் நாட்களில் உப்புநீர் முற்றத்தைக் கடந்து அடுக்களைக்குள் வருகிறது. வீட்டின் அடித்தளம் அமிழ, வாசலில் குனிந்து நுழைய வேண்டியதாகிறது. நெல் போயிற்று, தென்னை காய்ப்பை இழந்தது. வசதியுடையோர் கொல்லத்துக்கும் குண்டறைக்கும் குடிபெயர்ந்தனர். பூட்டிய வீடுகள் தோட்டோரங்களில் நிற்கின்றன.

வாடகை வள்ளத்தில் செல்பவர் வியக்கும் அமைதியில் ஒரு பகுதி இயற்கையுடையது. ஏறத்தாழ 61 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அஷ்டமுடி 2002இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் கக்கா மீன்பிடி 2014இல் இந்தியாவில் முதன்முறையாகப் பன்னாட்டு வளங்குன்றா மீன்பிடிச் சான்று பெற்றது. மற்றொரு பகுதி, ஆட்கள் அகன்ற வீடுகளின் அமைதி. கழியூன்றுபவர் பல வேளைகளில் அங்கேயே பிறந்தவர். அவர் வள்ளத்தைத் திருப்பும் முனையில் அவருடைய உறவினரின் பூட்டிய வீடு இருக்கக்கூடும். பயணியர் தரும் வாடகை, எஞ்சியோரைத் துருத்தில் தங்கவைக்கும் வருவாய்களுள் ஒன்று. ஆகையால் இப்பயணத்தைத் தவிர்ப்பது அவர்களுக்கு உதவி ஆகாது. அந்த அமைதிக்கு உரியவர் யார் என அறிந்து செல்வதே பொருத்தம்.

வள்ளக்கடவில் புத்தனாற்றின் கரையில் அரசர் காலத்துப் 'போட்டுப்புரை' இன்றும் நிற்கிறது. படகுகளுக்காக எழுந்த அக்கட்டடத்தில் இப்பொழுது கேரள மாநில உயிர்ப்பன்மை வாரியத்தின் அருங்காட்சியகம் இயங்குகிறது. கோவளத்திலிருந்து பேக்கல் வரை 616 கிலோமீட்டர் நீர்வழியை மீண்டும் திறக்கும் திட்டத்தில் புத்தனாறும் அடங்கும். 2017இல் அதற்கென ஒரு நிறுவனமும் அமைக்கப்பட்டது. அது நிறைவேறினால் கிழக்கேகோட்டையிலிருந்து புறப்படுபவர் மறுபடியும் வள்ளக்கடவில் படகேறலாம். அந்நாளில் துருத்தின் கடவில் வள்ளத்தைக் கரையிழுத்துக் கட்ட ஒரு குடும்பமேனும் எஞ்சியிருக்குமா என்பதை, தோடுகள் தூர்வாரப்படுவதைக் காட்டிலும், கல்லடையாற்றின் வண்டலும் அங்குள்ள வீடுகளின் அடித்தளமுமே முடிவுசெய்யும்.