பித்தளை நுணுக்குக்காட்டியும் மடுல்சீமைக் கோப்பியும்

ஊவாவின் பொருளாதார வரலாற்றைக் கூறுவோர் கோப்பியின் வீழ்ச்சியை விரிவாக எடுத்துரைப்பர். அவ்வீழ்ச்சிக்குக் காரணமான நோயைக் கண்ணுக்குப் புலப்படுத்திய கருவியைக் குறித்தோ பெரும்பாலும் ஓரிரு சொற்களோடு அமைந்துவிடுவர். பதுளை மாவட்டத்து மடுல்சீமையிலே 1869ஆம் ஆண்டில் முதன்முதல் அறியப்பட்ட கோப்பித் துரு நோயின் இயல்பை உணர்வதற்குப் பித்தளை நுணுக்குக்காட்டியும் அதன் துணைக்கருவிகளும் எவ்வாறு உதவின என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளின் நுணுக்குக்காட்டிகள் பலவற்றின் குழாய்கள் தடித்த அட்டையாலும் மரத்தாலும் ஆனவை. தோல் போர்த்தி அழகு செய்யப்பட்டவை. பொருள்களின் ஓரத்தில் வானவில் நிறம் படர்வது அக்காலக் கருவிகளின் பெருங்குறையாக இருந்தது. 1830இல் ஜோசப் ஜாக்சன் லிஸ்ற்றர் அந்நிறப்பிறழ்ச்சியைக் குறைக்கும் வகையில் வில்லைகளை இணைக்கும் நெறியை வெளியிட்டார். வில்லை திருந்தவே, அதனைத் தாங்கும் உடலும் உறுதி பெற வேண்டியதாயிற்று. மயிரிழையளவு அசைந்தாலும் காட்சி மறைந்துவிடுமன்றோ! பித்தளை கடைவதற்கு எளியது. நுண்ணிய மரையிடுதற்கு ஏற்றது. இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. அதன்மீது அரக்கு மெருகு பூசினால் ஒளி குன்றாது. இன்று பழம்பொருள் சேகரிப்போர் பொன்னெனப் போற்றும் அந்நிறம் பெரும்பாலும் இம்மெருகின் நிறமே.

இலண்டனில் பவல் – லீலண்ட், றொஸ், பெக் ஆகியோர் உயர்ந்த, பாரமான தாங்கிகளைச் செய்தனர். ஐரோப்பியப் பெருநிலத்திலோ ஒபர்ஹொய்சர், ஹாட்னக் போன்றோர் குதிரை இலாட வடிவான அடியுடைய சிறு கருவிகளை ஆக்கினர். ஆய்வுகூட மேசைக்குப் பின்னவையே பொருத்தமானவை என்பது என் கருத்து. குழாயை ஏற்றி இறக்கப் பற்சட்டமும் பற்சில்லும், இறுதி நுண்மைக்கு நுண்திருகும், ஒளியைத் திருப்ப ஒருபுறம் தட்டையும் மறுபுறம் குழிவுமான ஆடியும் அமைந்தன. பெட்டியினுள்ளே வேறு பல துணைப்பொருள்களும் இருக்கும்: தனித்தாங்கியில் நிற்கும் தடித்த குவிவில்லை, மேடையிற் பொருத்தும் சிறு இடுக்கி, அளவுக்கோடுகள் கீறிய கண்ணாடி, காண்பதைத் தாளில் வரைய உதவும் கமெரா லூசிடா. 1858இல் இலண்டன் நுணுக்குக்காட்டிச் சங்கம் பொருள்வில்லைகளுக்கு ஒரே மரையளவை வகுத்தது. அதனால் ஒருவர் செய்த வில்லையை மற்றொருவர் செய்த குழாயிற் பூட்டும் வசதி பிறந்தது.

இனி மடுல்சீமைக்கு வருவோம். 1869இல் அங்கே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின; தொட்டால் விரலிற் பொடி ஒட்டியது. மாதிரிகள் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவெயிற்ஸ் என்பாரிடம் சென்றன. அவர் நுணுக்குக்காட்டிக்குப் புதியவரல்லர். இலங்கைக்கு வருமுன்னரே, 1847இல், தயற்றம் எனும் நுண்பாசிகளின் புணர்ச்சியைக் கண்டு எழுதியவர். அவர் இங்கிலாந்துக்கு அனுப்பிய இலைகளை பெர்க்லி, புறூம் ஆகிய இருவர் ஆராய்ந்தனர். 1840களில் அயர்லாந்தில் பெரும்பஞ்சம் விளைத்த உருளைக்கிழங்கு நோய்க்குப் பங்கசே காரணம் என வாதிட்டவர் இந்த பெர்க்லி. கோப்பிப் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தி. அதன் நீளம் மில்லிமீற்றரின் நூறில் மூன்று பங்களவே. சிறுநீரக வடிவான அவ்வித்தியின் வளைந்த புறம் கரடுமுரடானது, மறுபுறம் வழுவழுப்பானது. ஆதலின் ‘பாதி வழுவழுப்பானது’ என்று கிரேக்க மொழியிலும் ‘பாழாக்குவது’ என்று இலத்தீனிலும் பொருள்படும்படி ஹெமிலேயா வஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டனர். பெயரின் முற்பாதி முழுவதும் வில்லையின் வழியே கண்ட காட்சி. பிற்பாதியோ அப்போதைக்கு அச்சம் மாத்திரமே. 1870இல் கோப்பி ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தர் அளவில் இருந்தமையால், தோட்டத்துரைமார் பலர் அவ்வச்சத்தைப் பெரிதுபடுத்தவில்லை.

பத்தாண்டு கழிந்து 1880இல் ஹரி மார்ஷல் வோட் என்னும் இளம் தாவரவியலாளர் இந்நோயை ஆராய அரசினால் அமர்த்தப்பட்டார். வித்தி நீர்த்துளியில் முளைப்பதையும், முளைக்குழாய் இலைவாயின் ஊடாக உள்ளே நுழைவதையும் அவர் படிப்படியாகக் கண்டார். ஆனால் நோய் தோட்டந்தோறும் பரவும் விதத்தை அவருக்கு உணர்த்தியது, பெட்டியிலுள்ள பொருள்களுள் மிக மலிவான கண்ணாடி வழுக்கியேயாகும். கிளிசரின் தடவிய வழுக்கிகளைத் தோட்டங்களிற் காற்றுப்படும்படி வைத்து, பின்னர் எடுத்து நோக்கினார், வித்திகள் ஒட்டியிருந்தன. காற்றே நோயின் வாகனம் எனத் தெளிவாயிற்று. காட்டை முற்றாக வெட்டி, மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை அக்காற்றுக்கு வழிவிட்டது. விலையுயர்ந்த பித்தளைத் தாங்கியைக் காட்டிலும் ஒரு துண்டுக் கண்ணாடி இங்கு அதிகம் பேசியது எனலாம்.

துரைமார் வேண்டியது மருந்து. வோட் தந்தது விளக்கம். முளைக்குழாய் இலையினுள் புகுந்தபின் மேலே தூவும் கந்தகமும் சுண்ணாம்பும் பயனற்றவை என்பது அவ்விளக்கத்தின் உட்பொருள். வித்தி முளைக்குமுன் இலைமேல் இருந்து காக்கவல்ல போர்தோக் கலவை பிரான்சில் 1885இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கி முறிந்துவிட்டது. துரைமாரின் இழப்பு கணக்கேடுகளில் உண்டு. பழம் பறித்தும் களை பிடுங்கியும் அந்தச் செம்பொடியைக் கையிலும் உடையிலும் நாள்தோறும் சுமந்த தமிழ்த் தொழிலாளரின் இழப்போ அவ்வாறு எழுதிவைக்கப்படவில்லை. கூலி நிலுவையோடு ஊர் திரும்பியோர் பலர்.

கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் வந்து மீளும் ஆட்கள் போதும். அதன் இடத்தைப் பிடித்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். குடும்பம் குடும்பமாக லயங்களிலே நிலைத்து வாழும் மலையகச் சமூகம் இம்மாற்றத்தின் வழியே உருவாகியது. பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பாதையின் இருமருங்கும் இன்று தேயிலையே காணப்படுகின்றது.