வேரைத் தேடியவர்கள்: தமிழின் பிறப்பு பற்றிய ஒரு முன்முடிவின் வரலாறு

தமிழுக்கென்று தனி இலக்கணம் இல்லை, வடமொழிக்கும் அதற்கும் இலக்கணம் ஒன்றே என்ற எண்ணம் 17ஆம் நூற்றாண்டில் பெரும்புலவர்களிடமே நிலைபெற்றிருந்தது. 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியம் வடமொழி இலக்கணக் கோட்பாடுகளைத் தமிழில் பொருத்திக் காட்டியது. சுப்பிரமணிய தீட்சிதரின் பிரயோக விவேகமும் சுவாமிநாத தேசிகரின் இலக்கணக் கொத்தும் அந்தப் பொருத்தத்தையே முடிவாக்கின. தேசிகரின் வாதம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ற, ன, ழ, எ, ஒ என்ற ஐந்தெழுத்துகளே தமிழுக்கு மட்டும் உரியவை. இவற்றை நம்பித் தமிழைத் தனிமொழி என்பது அறிஞர்க்கு அழகன்று என்பது அவர் நிலை. இருமொழியிலும் தேர்ந்த ஒருவரின் இந்தக் கூற்றை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. முன்முடிவு அவருடைய விடையில் நுழைவதற்கு முன்பே கேள்வியில் நுழைந்துவிட்டது. எழுத்தை எண்ணினால் மொழியின் உறவு விளங்கிவிடும் என்று முதலிலேயே கொண்டாயிற்று; பிறகு ஒத்தவை மட்டுமே கண்ணில் பட்டன. வடசொல்லைத் தனி வகையாகப் பிரித்து வைத்த தொல்காப்பியம் கையில் இருந்தும் அது தடையாகவில்லை.

இதற்கு மறுப்பு எழுந்த இடம் வியப்புக்குரியது. தேசிகர் சார்ந்திருந்த அதே திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்தவர் 18ஆம் நூற்றாண்டின் சிவஞான முனிவர். தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கிய அவருக்கும் வடமொழிப் புலமைக்குக் குறைவில்லை. சமயமும் மடமும் கல்வியும் ஒன்றாயிருக்க, முடிவு மட்டும் வேறானது எப்படி? தொல்காப்பிய முதற்சூத்திர விருத்தியில் அவர் ஒவ்வாதவற்றைத் தேடினார். உயர்திணை, அஃறிணைப் பகுப்பு, வினைக்குறிப்பு, வினைத்தொகை, அகம், புறம் என்ற பொருட்பாகுபாடு ஆகியவை வடமொழியில் இல்லை என்று எடுத்துக்காட்டினார். ஆகவே, முன்முடிவு பிறப்பாலும் சார்பாலும் மட்டுமே விளைகிறது என்ற இன்றைய பொதுக்கருத்தை இந்த வரலாறு தாங்காது. எதைச் சான்றாகக் கொள்வது என்று தேர்ந்தெடுக்கும் கணத்தில்தான் அது விளைகிறது.

ஐரோப்பியரிடையே இதே கதை வேறு வடிவில் நடந்தது. சமஸ்கிருதம் கிரேக்க, இலத்தீன் மொழிகளோடு உறவுடையது என்று வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் ஆற்றிய உரைக்குப் பின் சமஸ்கிருதத்தின் மதிப்பு மிக உயர்ந்தது. இந்தியாவின் மற்ற மொழிகளுக்கெல்லாம் அதுவே தாய் என்ற எண்ணம் வங்காளத்தில் பரவியது. 1814இல் தெலுங்கு இலக்கணம் வெளியிட்ட சமயப் பணியாளர் வில்லியம் கேரியும் அந்த எண்ணத்தோடுதான் எழுதினார். ஏட்டுத் தெலுங்கில் வடசொல் மிகுதி என்பதால், அதன் வழியே பார்ப்பவருக்கு அந்த எண்ணம் இயல்பாகவே தோன்றியிருக்கும்.

சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எஃப். டபிள்யூ. எல்லிஸ் இந்த எண்ணத்தை ஏற்கவில்லை. ஏ. டி. கேம்பலின் தெலுங்கு இலக்கண நூலுக்கு 1816இல் அவர் எழுதிச் சேர்த்த குறிப்பு, சொற்களை விட்டு வேர்களுக்குச் சென்றது. சமஸ்கிருத வேர்களையும் தெலுங்கு வேர்களையும் அருகருகே அடுக்கினார், அவை ஒட்டவில்லை. தெலுங்கு, கன்னட, தமிழ் வேர்களை அடுக்கினார், அவை ஒட்டின. பிறகு சொற்களையும் வாக்கிய அமைப்பையும் அதே முறையில் சோதித்தார். தமிழில் கண், தெலுங்கில் கன்னு, கன்னடத்தில் கண்ணு. பால், பாலு, ஹாலு. கன்னடத்தின் ஹகரம் தற்செயலன்று, பழைய பகரம் மாறியது. தமிழ்ப் புகுக்கு அங்கே ஹொகு நிற்பதும் அதே மாற்றத்தால்தான். 'காரியம்' மூன்று மொழியிலும் இருப்பது எதையும் நிறுவாது. 'கண்' இருப்பது நிறுவுகிறது. கடன் வாங்கும் சொல் எது, கடன் வாங்க அரிதான சொல் எது என்ற வேறுபாடே இங்கே உரைகல்.

எல்லிஸ் மட்டும் வெற்று மனத்தோடா வந்தார் என்று கேட்கலாம். இல்லைதான். விவிலியம் காட்டிய வழியில் இனங்களும் மொழிகளும் மரம்போலக் கிளைத்தவை என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. வேர்களைத் தொகுக்கும் தாதுபாட முறையும், தற்சமம், தற்பவம், தேசியம் என்ற சொற்பகுப்பும் வடமொழி மரபிலிருந்து வந்தவை. பட்டாபிராம சாஸ்திரி போன்ற பண்டிதர்கள் தொகுத்த தெலுங்கு வேர்ப்பட்டியல் இல்லாமல் அவர் வாதம் நின்றிருக்காது. முன்கருத்து இல்லாத ஆய்வை நான் எங்கும் காணவில்லை. ஆனால் எல்லிஸின் முன்கருத்து, தான் தவறாகும் வழியையும் திறந்து வைத்திருந்தது: வேர்கள் ஒட்டாமல் போயிருந்தால் அவர் வாதம் விழுந்திருக்கும். தேசிகரின் அளவுகோலில் அத்தகைய வழி இல்லை. எத்தனை எழுத்து வேறுபட்டால் தனிமொழி என்று அவர் எங்கும் வரையறுக்கவில்லை. கல்கத்தாவுக்கு எதிராக, கம்பெனி அதிகாரிகளுக்கு மொழி கற்பித்த சென்னைக் கல்லூரியின் பெருமையை நாட்டும் விருப்பம் எல்லிஸுக்கு இருந்தது என்ற எதிர்வாதமும் உண்டு. அந்த விருப்பம் அவரைத் தேடவைத்திருக்கலாம். வேர்களை ஒட்டவைத்திருக்க முடியாது.

1856இல் சமயப் பணியாளர் ராபர்ட் கால்டுவெல் எல்லிஸின் முடிவை விரிந்த ஒப்பிலக்கணமாக்கினார். அதே நூலில் திராவிட மொழிகளைப் பின்னிய, துருக்கிய, மங்கோலிய மொழிகளை அடக்கிய 'சித்திய' மொழிகளோடும் உறவுபடுத்தினார். திராவிட மொழிகளுக்குள் தாம் காட்டிய ஒழுங்கான ஒலித்தொடர்பை அங்கே அவரால் காட்ட இயலவில்லை. தோற்ற ஒற்றுமைகளையே நம்பினார். மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி அவர் வாதத்தின் முதல் பாதியான திராவிட உறவின் மேல் எழுந்தது. மறுபாதியான சித்திய உறவு இன்று மொழியியலில் நிறுவப்பட்ட உறவாக ஏற்கப்படுவதில்லை.