சுற்றி வரும் உயிர்: இஸ்லாமிய மரபில் வீட்டுப் பூனை

பூனையைப் பற்றிப் பேச்செழுந்தால் நம்மவர்களிடம் இரண்டு செய்திகள் தவறாமல் வந்துவிடும். ஒன்று, பூனையை நேசிப்பது ஈமானின் ஒரு பகுதி என்பது. மற்றொன்று, அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் முஅஸ்ஸா என்ற பூனை இருந்ததென்றும், அது தம் அங்கியின் கை மீது உறங்கியபோது அதை எழுப்ப மனமின்றி அப்பகுதியை வெட்டிவிட்டுத் தொழுகைக்கு எழுந்தார்கள் என்றும் கூறப்படுவது. முதலாவது இட்டுக்கட்டப்பட்டது என லாகூரில் பிறந்து பக்தாதில் மறைந்த ஹதீஸ்கலை அறிஞர் ஸஃகானீ (இறப்பு ஹிஜ்ரி 650/கி.பி. 1252) அன்றே முடிவு கூறிவிட்டார். இரண்டாவது செய்தி ஆறு ஹதீஸ் தொகுப்புகளில் எதிலும் இல்லை. இதையொத்த ஒரு நிகழ்ச்சியை இமாம் தஹபீ தமது வரலாற்று நூலில் பதிவு செய்திருப்பது உண்மையே. ஆனால் அது நபியவர்களைப் பற்றியதன்று, ஹிஜ்ரி 578இல் (கி.பி. 1182) மறைந்த இறைநேசர் அஹ்மத் ரிஃபாயீ (ரஹ்) அவர்களைப் பற்றியது.

ஆதாரமற்ற செய்திகளை நீக்கிவிட்டால் எஞ்சுவது குறைவு என எண்ண வேண்டியதில்லை. ஆதாரமுள்ளவை அவற்றைவிடக் கனமானவை. கதைகள் பூனைக்குப் புகழைத் தருகின்றன. ஹதீஸும் ஃபிக்ஹும் அதற்கு ஹக்கைத் தருகின்றன. புகழ்வதற்குச் செலவில்லை. ஹக்கு நம்மிடம் கணக்குக் கேட்கும்.

குட்டிப் பூனையிலிருந்தே தொடங்கலாம். 5374 நபிமொழிகளை அறிவித்தவராக அறியப்படும் நபித்தோழரின் பெயரே ஒரு குட்டியால் அமைந்தது. யமன் நாட்டின் தவ்ஸ் குலத்தவரான அவர், தமக்கு அப்பெயர் வந்த காரணத்தைக் கேட்டவரிடம் விளக்கியதை இமாம் திர்மிதீ பதிவு செய்துள்ளார். இளமையில் தம் வீட்டாரின் ஆடுகளை மேய்த்து வந்தாராம். அவரிடம் ஒரு சிறு பூனைக்குட்டி இருந்ததாம். இரவில் அதை ஒரு மரத்தில் விட்டுவைப்பார்; பகலில் உடன் எடுத்துச் சென்று விளையாடுவார். அதனால் மக்கள் அவரை அபூஹுரைரா (ரலி) என்றழைத்தனர். ‘ஹிர்’ என்பது பூனை. ‘ஹுரைரா’ அதன் சிறுமைச் சொல், அதாவது குட்டி. ஓர் இடையச் சிறுவனின் விளையாட்டுத் தோழமை, ஹதீஸ்கலை உள்ளளவும் ஓதப்படும் பெயராகிவிட்டது.

பூனையின் நிலை சட்டமாக வகுக்கப்பட்டது மதீனாவின் ஒரு வீட்டில். நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்களுக்கு அவர்தம் மருமகள் கப்ஷா உளூச் செய்யத் தண்ணீர் எடுத்து வைத்தார். ஒரு பூனை குடிக்க வந்தது. அபூகதாதா (ரலி) பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுக்க, அது வேண்டுமளவு குடித்தது. மருமகள் வியந்து நோக்குவதைக் கண்டதும், பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்று நபியவர்கள் கூறியதை எடுத்துரைத்தார். முவத்தா, அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இது உள்ளது. அபூதாவூதிலேயே இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒரு பெண் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு ஹரீஸா கொண்டு வந்தபோது அன்னையார் தொழுதுகொண்டிருந்தார்கள். வைத்துவிடும்படி சைகை செய்தார்கள். பூனை வந்து அதில் சிறிது தின்றது. தொழுது முடித்ததும் அன்னையார் பூனை வாய் வைத்த இடத்திலிருந்தே உண்டார்கள்.

இங்கே கவனிக்கத்தக்கது ‘தவ்வாஃபீன்’, அதாவது சுற்றி வருபவர்கள் என்னும் சொல். இதே வேரிலிருந்து பிறந்த சொல்லைத் திருக்குர்ஆன் அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில், வீட்டுக்குள் வந்துபோகும் பணியாளர்களையும் சிறுவர்களையும் பற்றிக் கூறும்போது கையாள்கிறது. குறிப்பிட்ட மூன்று நேரங்கள் தவிர மற்ற நேரங்களில் அவர்கள் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஏனெனில் அவர்கள் இடைவிடாது நடமாடுபவர்கள். வீட்டாரின் சிரமம் கருதி அளிக்கப்பட்ட இச்சலுகையின் காரணத்தைத்தான் நபியவர்கள் பூனைக்கும் கூறினார்கள் என அறிஞர்கள் விளக்குவர். பூனை வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிராணியன்று. வீட்டுக்குள் நடமாடுவோர் வரிசையில் எண்ணப்பட்டது.

நம் கடலோர ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் பூனையின் எச்சில் தூய்மையானது. உதிர்ந்த முடி குறித்து அம்மத்ஹபில் கண்டிப்பு இருந்தாலும், ஆடையில் ஒட்டும் சிறிதளவு மன்னிக்கப்படும். ஹனஃபீ மத்ஹபில் வேறு தண்ணீர் இருக்கும்போது பூனை குடித்த மிச்சத்தில் உளூச் செய்வது சிறிய அளவிலான மக்ரூஹ். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அதையும் மக்ரூஹ் எனக் கருதவில்லை.

உள்ளே வர உரிமை பெற்ற உயிருக்கு உணவு பெறும் உரிமையும் உண்டு. ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் நீரும் கொடாமல், பூமியில் ஊர்வனவற்றைத் தின்னும்படி அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண் நரகத்துக்குரியவளானாள் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. உணவும் நீரும் தவறாமல் கொடுப்பவர் பூனையை வளர்க்கலாம், கட்டியும் வைக்கலாம் என்று இதிலிருந்து குர்துபீ எடுத்த முடிவை ஃபத்ஹுல் பாரீயில் இப்னு ஹஜர் (ரஹ்) குறிப்பிடுகிறார். ஆக, அடைத்தது மட்டும் குற்றமன்று. அடைத்தபின் கடமையை மறந்ததே குற்றம்.

குட்டியை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது என்பதும் ஃபிக்ஹின் பார்வைக்குத் தப்பவில்லை. பூனையின் விலையைத் தடுக்கும் நபிமொழி ஒன்று ஜாபிர் (ரலி) வழியாக முஸ்லிமில் வருகிறது. பெரும்பான்மை அறிஞர்கள் பயனுள்ள பூனையை விற்பதைக் கூடுமென்றே கூறினர். அந்தத் தடைக்கு இமாம் நவவீ (ரஹ்) தரும் விளக்கங்களுள் ஒன்று அழகானது: மக்கள் பூனையை அன்பளிப்பாகவும் இரவலாகவும் தாராளமாகக் கொடுத்துப் பழக வேண்டும் என்பதற்காக வந்த, ஹராம் என்னும் அளவை எட்டாத தடை அது. அண்டை வீட்டில் ஈன்ற குட்டியை விலையின்றி வாங்கி வரும் நம் வழக்கம் இதற்கு இசைவானதே. ஆனால் பால்குடி மறவாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பதை ஷாஃபிஈ சட்ட நூல்கள் தடுக்கின்றன. ஏறத்தாழ எட்டு வாரம் தாயுடன் இருக்கட்டும் என இன்றைய கால்நடை மருத்துவர்கள் கூறுவதும் இதையொட்டியதே. வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருந்தால் புதிய குட்டியைச் சில நாள் தனியறையில் வைத்து மெல்லப் பழக்கச் சொல்கிறார்கள். மூத்ததன் ஹக்கைப் புதியது பறித்துவிடலாகாது.

இந்தச் சட்ட உணர்வு வரலாற்றில் என்ன செய்தது என்பதற்குக் கெய்ரோ நகரம் சான்று. இலக்கண மேதை இப்னு பாபஷாத் (இறப்பு ஹிஜ்ரி 469/கி.பி. 1077) அங்கே அரசின் கடிதங்களில் மொழிப்பிழை திருத்தும் பணியில் இருந்தவர். ஒரு நாள் பள்ளிவாசலின் மாடியில் நண்பர்களோடு உண்டுகொண்டிருந்தபோது வந்த பூனைக்கு ஒரு கவளம் கொடுத்தார். அது கவ்விக்கொண்டு போய் உடனே திரும்பி வந்தது. பலமுறை இவ்வாறு நடக்கவே, பின்தொடர்ந்து சென்று பார்த்தால் அது ஒரு குருட்டுப் பூனைக்கு உணவூட்டிக்கொண்டிருந்தது. வாயில்லாப் பிராணிக்கு இன்னொன்றின் மூலம் உணவளிப்பவன் தம்மைக் கைவிடுவானா எனக் கருதி அவர் அரசுப் பணியைத் துறந்தார் என இப்னு கல்லிகான் எழுதுகிறார். மாலிகி சட்ட நூல்கள் ஒரு படி மேலே சென்று, பார்வையிழந்த பூனை ஒருவர் வீட்டில் தஞ்சமடைந்து, வெளியேற இயலாமற் போனால் அதன் உணவுச் செலவு அவ்வீட்டார் மீது கடமை என்கின்றன.

அதே கெய்ரோவில் சுல்தான் ழாஹிர் பைபர்ஸ் தமது பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு தோட்டத்தைப் பூனைகளுக்காக வக்ஃபு செய்ததாகக் கூறப்படுகிறது. மக்கள் மீதான சுமைகளைக் குறைக்கக் கோரி இமாம் நவவீ கடிதங்கள் எழுதியது இவருக்குத்தான். இருவரும் மறைந்ததும் ஒரே ஆண்டில், ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277). ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுக்குப் பின் அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன், 1836இல் வெளியிட்ட நூலில் அந்த வக்ஃபின் முடிவை எழுதினார். பிற்பகல்தோறும் காஜியின் மாளிகை முற்றத்தில் பூனைகள் கூடின. அவற்றுக்கு உணவு வந்தது. தோட்டமோ பலமுறை கைமாறி, ஆண்டுக்கு 15 கிர்ஷ் மட்டுமே தரும் நிலைக்குத் தேய்ந்திருந்தது. செலவு முழுவதும் காஜியின் தலையில் விழுந்து, பிற்காலத்தில் அதுவும் குறைந்துபோனது. பூனை வேண்டாம் என்றானவர்களோ அதைக் கொண்டுவந்து அம்முற்றத்திலேயே விட்டுச் சென்றார்கள்.

இந்தக் கடைசிச் செய்திதான் நம்மை நிறுத்த வேண்டும். வக்ஃபு செய்தவர் ஒருவர். அதைத் தங்கள் பொறுப்பைக் கழிக்கும் இடமாக்கிக்கொண்டவர்கள் பலர். குழந்தைகள் கேட்டார்கள் என்று குட்டியைக் கொண்டுவந்து, அது வளர்ந்து அறையை அசுத்தப்படுத்தியதும் சாக்கில் கட்டி மீன் சந்தையிலோ பள்ளிவாசல் வாயிலிலோ விட்டுவிடும் வழக்கம் நம் ஊர்களிலும் உண்டு. வீட்டுச் சோற்றில் வளர்ந்த பூனைக்கு இரை தேடத் தெரியாது. அதை அங்கே அவிழ்த்து விடுவது நபிமொழி குறிப்பிடும் விடுதலை ஆகாது.

எனவே ஒரு குட்டியை வீட்டுக்குள் எடுத்து வருபவர், அதற்குப் பாலூற்றும் கிண்ணத்தைத் தேடுமுன் தம்மிடமே ஒன்றைக் கேட்டுக்கொள்ளட்டும்: இது கிழடாகிக் கண்ணிழந்து மூலையில் படுத்திருக்கும் நாளிலும் இதன் உணவு என் பொறுப்பா? ஆம் என்று சொல்ல முடிந்தவருக்குச் சுற்றி வரும் இவ்வுயிர் ஓர் அருட்கொடை. முடியாதவர் அதைத் தாயிடமே விட்டுவிடுவது நன்று.