உயிர் வெறுத்தோர்க்கு உற்ற துணை
சித்தூர், திருப்பதி வட்டாரத்தார் நடந்த வழியின் வரலாறு

சித்தூர் ஜில்லா 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் முதல் நாள் தோன்றியது. அதற்கு முன் சித்தூர் நகரமே வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராக விளங்கிற்று. திருப்பதியைத் தன்னகத்தே கொண்ட சந்திரகிரி வட்டமும் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வெல்லைகளைப் பற்றி எழுதுவோர் பலர். எல்லைகளை ஊடறுத்துச் சென்ற ஒரு வழியைப் பற்றி எழுதுவோர் அரியர். வாழ்வில் வெறுப்புற்று, உயிரை விட்டுவிடலாமா என்னும் எண்ணம் தோன்றப்பெற்றவரும், அத்தகையவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற தாய் தந்தையரும் உதவி நாடி நடந்த வழி அது.

அந்நாளில் அவ்வழி சென்னையில் முடிந்தது. கம்பெனி ஆட்சியில் 1794-ஆம் ஆண்டு, மருத்துவர் வாலன்டைன் கனோலி என்பாரின் பொறுப்பில், புரசைவாக்கத்தில் மனநோயாளர் விடுதி ஒன்று தொடங்கப்பெற்றது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்தில் அமைந்த புதிய இடத்துக்கு மாறிற்று. ஆயினும் அது மருத்துவ இல்லம் என்பதைக் காட்டிலும் காவல் இல்லம் என்பதே பொருந்தும். ஊருக்கு இடையூறு என்று கருதப்பெற்றவரை அடைத்து வைப்பதே அதன் முதற்பணி. தம் துயரத்தைத் தாமே வாய்விட்டுச் சொல்ல விரும்பியவர்க்கு அங்கே இடமில்லை.

அத்தகையோர் சோளிங்கருக்குச் சென்றனர். சித்தூரிலிருந்து எளிதில் செல்லத்தக்க அத்தலத்தில், யோக ஆஞ்சநேயர் குன்றின் அடியில் மனம் நொந்தோர் தங்கி விரதம் இருப்பது நெடுநாள் வழக்கம். இதனை எள்ளி நகையாடுவது எளிது. நாம் அவ்வாறு செய்ய வேண்டுவதில்லை. வைகறையில் எழுதல், நீராடல், மலை ஏறுதல், உடன்வந்த உறவினர் அருகிலேயே இருத்தல் என்னும் இவை துயருற்ற மனத்துக்கு நன்மையே செய்தன. ஆனால், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று அவரை நேர்முகமாகக் கேட்பவர் அங்கும் இல்லை. கேட்டால் அவ்வெண்ணம் வலுப்படும் என்று அஞ்சினர். இன்றும் பலர் அஞ்சுகின்றனர். பரிவோடு கேட்பதால் அவ்வெண்ணம் வலுப்படுவதில்லை என்றும், கேட்கப்பெற்றவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார் என்றும் மருத்துவ நூலோர் கண்டுள்ளனர்.

கேட்பதற்கு மக்கள் அஞ்சியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது சட்டம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 309-ஆம் பிரிவில், உயிர் மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதித்தது. துன்பம் தாளாது சாக முனைந்து, எவ்வாறோ பிழைத்துக் கண் விழித்தவர் தம் கட்டிலருகே முதலில் காண்பது போலீசாரை! ஆதலின் மருத்துவமனையில் உண்மையை மறைத்து, விபத்து என்றும் தவறுதலாய் நேர்ந்தது என்றும் சொல்லும் வழக்கம் பரவிற்று. உண்மை மறைக்கப்பட்டபின் மருத்துவர் உடற்புண்ணை ஆற்றுவாரேயன்றி உள்ளத்தை எங்ஙனம் ஆற்றுவார்? இச்சட்டத்தை நமக்கு அளித்த ஆங்கிலேயர் தம் நாட்டில் இக்குற்றத்தை 1961-இலேயே ஒழித்துவிட்டனர். நாமோ அதனை நெடுங்காலம் காத்து வைத்திருந்தோம். 1994-இல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு செல்லாது என்றது. 1996-இல் அதே நீதிமன்றம் செல்லும் என்றது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே திங்களில் நடைமுறைக்கு வந்த பின்னரே, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்று கொள்ளப்பெற்றார். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமையாயிற்று. 2024 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பழைய பிரிவு இல்லை. அரசு ஊழியரை வற்புறுத்தும் பொருட்டு அவ்வாறு முயல்வது மட்டுமே இன்று குற்றமாக எஞ்சியுள்ளது.

இனி வழிக்கு வருவோம். ஆந்திர மாநிலம் அமைந்தபின் அரசு மனநல மருத்துவமனை விசாகப்பட்டினத்தில் இருந்தது. திருப்பதியிலிருந்து அது 700 கிலோமீட்டருக்கு மேல். சித்தூரிலிருந்து வேலூரோ 40 கிலோமீட்டருக்கும் குறைவு. அங்குக் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் 1957-ஆம் ஆண்டு, டாக்டர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரின் முயற்சியால், பாகாயத்தில் மனநல நிலையம் ஒன்றைத் தொடங்கினர். நோயாளரைத் தனியே விட்டுவிடாது, குடும்பத்தாரும் உடன் தங்குதல் வேண்டும் என்பது அந்நிலையத்தின் நெறி. அதே பத்தாண்டில் அமிருதசரசில் டாக்டர் வித்யா சாகர் என்பாரும் நோயாளரின் சுற்றத்தாரைக் கூடாரங்களில் தங்கவைத்து இம்முறையைக் கையாண்டார். மேலை நாடுகள் நோயாளரைக் குடும்பத்தினின்றும் பிரித்து வைத்த காலத்தில் நம் நாட்டில் தோன்றிய நெறி இது. நாம் பெருமை கொள்ளத்தக்கது. சோளிங்கரில் உறவினர் உடன் தங்கியதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

மேற்கே பலமனேர், முளுபாகல், கோலார் வழியாக மற்றொரு சாலை பெங்களூருக்குச் சென்றது. அங்கு 1954-இல் அகில இந்திய மனநல நிலையம் நிறுவப்பெற்றது. நிம்ஹான்ஸ் என்று நாம் அறிந்திருப்பது அதுவே. அங்குப் பயின்ற டாக்டர் சாரதா மேனன் அம்மையார் பின்னர்க் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராய்ப் பல ஆண்டுகள் பணியாற்றி, பழைய காவல் இல்லத்தை மருத்துவ இல்லமாக்கப் பாடுபட்டார். திருப்பதியிலேயே 1960-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி தோன்றியது. ஆகவே, இன்று நம்மவர் மனநல மருத்துவரைக் காண மாவட்டத்தைக் கடக்க வேண்டுவதில்லை.

ஆயினும் மருத்துவரிடம் செல்வதற்கு முன்னர் ஒரு படி உண்டு. அதனைக் கண்டறிந்தவர் மருத்துவர் அல்லர். இலண்டன் மாநகரத்துப் பாதிரியார் சாட் வாரா என்பவர். 1935-இல் அவர் இளம் பாதிரியாய் இருந்தபோது ஒரு சிறுமியின் அடக்கச் சடங்கை நடத்த நேர்ந்தது. பூப்பெய்தியதன் அறிகுறியைக் கொடிய நோய் என்று கருதி அஞ்சிய அச்சிறுமி, கேட்டறிய ஒருவரும் இன்றித் தன் உயிரைப் போக்கிக்கொண்டாள். இதனை அவர் மறக்கவில்லை. 1953 நவம்பரில், சாக நினைப்போர் தம்மைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று அறிவித்தார். நேரிலும் பலர் வந்து காத்திருந்தனர். காத்திருந்தோர்க்குத் தேநீர் அளித்துப் பேச்சுத் துணையாய் இருக்கச் சிலர் தாமே முன்வந்தனர். அத்தொண்டரிடம் பேசியவருள் பலர் பாதிரியாரைக் காணாமலே மனந்தெளிந்து சென்றனர். அதைக் கண்ட அவர், அடுத்த ஆண்டே கேட்கும் பணியைத் தொண்டர் கையில் ஒப்புவித்தார். சமாரித்தர் இயக்கம் இங்ஙனம் பிறந்தது.

அம்மரபில், 1986-இல் டாக்டர் இலட்சுமி விஜயகுமார் அம்மையார் சென்னையில் சிநேகா என்னும் அமைப்பை நிறுவினார். அங்கே தொண்டர்கள் அறிவுரை கூறுவதில்லை, கேட்கின்றனர். அறிவுரைக்கு நம்மிடையே என்றும் பஞ்சம் இருந்ததில்லை என்பது வேறு. சிநேகாவின் தொலைபேசி எண் 044-24640050.

வெறுமனே கேட்பதால் ஆவது என்ன என்று ஐயுறுவோர் உளர். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து நகரங்களில் ஓர் ஆய்வு செய்து, அதன் முடிவை 2008-இல் வெளியிட்டது. உயிர் மாய்க்க முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவருக்கு அதனோடு ஒரு மணி நேர உரையாடல். பின்னர் 18 திங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. அவ்வளவே. முதற்பகுதியில் ஆயிரத்துக்கு 22 பேர் என்னும் கணக்கில் பின்னர்த் தம் உயிரைப் போக்கிக்கொண்டனர். நலம் விசாரிக்கப்பெற்ற பகுதியில் ஆயிரத்துக்கு 2 பேரே. 2022-ஆம் ஓராண்டில் மட்டும் இந்நாட்டில் 1,70,924 பேர் தம் உயிரைப் போக்கிக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டுள்ளது. அத்தொகையின் அருகில் வைத்து இவ்வாய்வை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆந்திரத்தில் வாழும் தமிழர்க்குத் தனியே ஓர் இடர் உண்டு. கடையில் விலை பேசவும் கச்சேரியில் மனுக் கொடுக்கவும் நமக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். நெஞ்சில் உள்ளதைச் சொல்லும் பொழுது நா தாய்மொழியைத் தேடுகிறது. மருத்துவர் தெலுங்கில் வினவ, "ஒன்றுமில்லை, உறக்கம் மட்டும் இல்லை" என்று கூறித் திரும்பிய முதியோர் நம்மிடையே பலர். தூக்கத்துக்கு மாத்திரை கிடைத்தது. துக்கத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மனநல மருத்துவரிடமோ உளவியல் வல்லுநரிடமோ செல்லும் முன்னர், "தமிழில் பேசலாமா?" என்று கேட்டுக்கொள்வதில் நாணத்துக்கு இடமில்லை. முதலில் கண்டவர் மனத்துக்கு ஒவ்வாராயின் மற்றொருவரை நாடுவதிலும் தவறில்லை. அச்சிகிச்சையாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்றும் வினவலாம். இடர் உடனடியாகத் தோன்றுமாயின் இவற்றுக்கெல்லாம் காத்திராது, அவரைத் தனியே விடாமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லல் வேண்டும்.

மொழியின் இடரை ஓரளவு நீக்கிய ஏற்பாடு 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிற்று. மத்திய அரசின் டெலி மானஸ் என்னும் அச்சேவையின் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். அழைப்பவர் எந்த மாநிலத்தில் இருப்பினும் தம் மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று.