ரேஸ் கோர்ஸ் சாலையும் காந்தி மண்டபமும்

சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் லேனில் காந்தி நினைவு மண்டபத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1950 ஜூனில். அதே ஆண்டு டிசம்பரில் மரியா ஹெர்டோக் கலவரம் 18 உயிர்களைப் பலிகொண்டது. முஸ்லிம் வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த மரியா என்ற டச்சுச் சிறுமியைப் பெற்றவர்களிடம் ஒப்படைக்கச் சொன்ன தீர்ப்பால் ஏற்கெனவே மனக்கசப்பு இருந்தது. அவள் கத்தோலிக்க மடத்தில் கன்னியாஸ்திரிகளோடு இருக்கும் படங்களை நாளிதழ்கள் வெளியிட்டதும் அந்தக் கசப்பு கொதித்தெழுந்தது. படங்களில் பொய் இல்லை. பார்ப்பவர் மனம் என்ன பாடுபடும் என்ற அக்கறைதான் இல்லை. கை ஓங்காதிருப்பதோடு அகிம்சையை நிறுத்திக்கொள்வோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். உப்புச் சட்டத்தை மீறப்போவதை 1930 மார்ச் 2ஆம் தேதியே காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதித் தெரிவித்தார். அவரை நண்பரே என்றுதான் விளித்தார். எதிரில் இருப்பவரிடம் ஒளிக்காமல், இழிவுபடுத்தாமல் பேசுவது அவர் போராட்டத்தின் முதல் வேலையாக இருந்தது.

2013 டிசம்பர் 8 இரவு, அதே லிட்டில் இந்தியா வட்டாரத்து ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்துச் சக்கரம் ஏறித் தமிழக ஊழியர் ஒருவர் இறந்தார். கூடியிருந்தவர்கள் பேருந்தைத் தாக்கினார்கள், ஆம்புலன்சுக்குத் தீ வைத்தார்கள். மதுவோடு தவறான புரிதலையும் ஒரு காரணமாக விசாரணைக் குழு பின்னர் சுட்டியது. சக்கரத்தடியில் கிடந்தவரை விட்டுவிட்டு, மீட்க வந்தவர்கள் ஓட்டுநரையும் பேருந்தின் பெண் ஊழியரையும் மட்டும் காப்பாற்றுவதாகக் கூட்டம் நம்பிவிட்டது. அவர் உயிர் போய்விட்டது என்பதை அந்தக் கணமே தமிழில் உரக்கச் சொல்லியிருந்தால் கோபம் முழுவதும் அடங்கியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். துக்கமாக மாற அதற்கு ஒரு வழியாவது கிடைத்திருக்கும்.

இங்கே அமைதி காப்பது சட்டம்தானே, காந்தி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு இன ஒதுக்கீடு உண்டு. மார்சிலிங் பேட்டையில் ஒரே புளோக்கில் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் அண்டை வீட்டார். 1990இல் சமய நல்லிணக்கச் சட்டம் நிறைவேறியது. 2015 முதல் லிட்டில் இந்தியாவில் மதுக் கட்டுப்பாடும் கடுமையானது. இவற்றைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் சட்டம் சொல்லக் கூடாததைத் தடுக்கும். சொல்லியாக வேண்டியதை யார் வாயிலும் வரவழைக்காது. இன்று புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் பாதி வெட்டிய காணொளி ஒன்று வந்தால், அதில் யார், முன்னே நடந்தது என்ன என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரில் கேட்கும் வேலை, அதைப் பகிரப்போகிறவருடையது.