ஆன்லைன் பாடம் தயாரிக்கும் சாஃப்ட்வேர்: 5 ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்த்தால் போதுமா? எளிய விளக்கம்

ஒரு ஆசிரியர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒரு பாடம் தயார் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் சேர்த்தாச்சு, கேள்விகளும் சேர்த்தாச்சு. அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், எழுதியது எதையும் காணோம். பெரும்பாலும் அவர் சாஃப்ட்வேரைத் திட்டமாட்டார். "எனக்கு இந்த கம்ப்யூட்டர் எல்லாம் சரிப்பட்டு வராதுப்பா" என்பார். மறுநாளிலிருந்து அந்தப் பக்கமே போகமாட்டார்.

தப்பு அவருடையது இல்லை. 'சேவ்' செய்யாமல் போகிறீர்களே என்று சாஃப்ட்வேர் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இதை வெளியீட்டுக்கு முன்பே பிடிப்பதற்காகத்தான் 'யூசர் டெஸ்டிங்' நடத்துகிறார்கள்.

அரைகுறையாக இருக்கும்போதே ஏன் சோதிக்கணும்?

முழுசாகக் கட்டிய வீட்டில் வாசலை மாற்றுவதும், வரைபடத்தில் மாற்றுவதும் ஒன்றா? அதே கதைதான். நியூசிலாந்தில் உருவான 'எக்ஸி' என்ற இலவச சாஃப்ட்வேரை எடுத்துக்கொள்வோம். ஆக்லாந்து பல்கலைக்கழகம், ஆக்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், டைராஃபிட்டி பாலிடெக்னிக் ஆகியவை அரசு நிதியுதவியுடன் 2000-களின் நடுவில் இதை உருவாக்கின. எச்டிஎம்எல் தெரியாத ஆசிரியரும் இணையப் பாடம் தயாரிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பின்னாளில் ஸ்பெயினில் இதை வளர்த்தெடுத்தார்கள்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் அதன் சொற்களைப் பாருங்கள். பாடத்தில் சேர்க்கும் ஒவ்வொரு பகுதிக்கும், அதாவது கேள்வி, செயல்பாடு, படத்தொகுப்பு எல்லாவற்றுக்கும், வைத்த பொதுப்பெயர் 'ஐடிவைஸ்'. உருவாக்கியவர்களுக்கு அது 'கற்பித்தல் கருவி' என்பதன் சுருக்கம். முதல்முறை பார்க்கிறவருக்கு ஏதோ புது மாடல் செல்போன் மாதிரி இருக்கும்! பாடத்தை வெளியே எடுக்கப் போனால் 'ஸ்கார்ம்', 'ஐஎம்எஸ் பேக்கேஜ்', 'இணையதளம்' என்று பல வழிகள். ஸ்கார்ம் என்பது ஒரு பாடத்தை வெவ்வேறு கற்றல் தளங்களில் ஏற்றுவதற்கான பொதுத் தரம். டெவலப்பருக்கு இது அத்தியாவசியம். ஆசிரியர் தேடுவதோ 'பசங்களுக்கு அனுப்பு' என்ற ஒரே ஒரு பட்டனை.

டெவலப்பருக்குப் பழகிப்போன சொல் அவர் கண்ணுக்கு உறுத்தாது. வெளியாள் ஒருவர் திணறுவதைப் பார்த்தால்தான் உறைக்கும்.

எப்படி நடத்துவார்கள்?

ஆசிரியரிடம் ஒரு வேலையைக் கொடுப்பார்கள்: "ஒரு பக்கப் பாடமும் 3 கேள்விகளும் தயார் செய்யுங்க." செய்யும்போது மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர் உதவக் கூடாது. இதுதான் ரொம்பக் கஷ்டம். தான் எழுதிய சாஃப்ட்வேரில் ஒருவர் தப்பான பட்டனைத் தேடும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? அதனால்தான் சோதனையை நடத்துபவர் டெவலப்பராக இல்லாமல் இருப்பது நல்லது என்கிறார்கள்.

முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். நாமும் அப்படித்தானே சொல்வோம்! அந்தப் பதிலை நம்பி உட்கார்ந்தால் போச்சு. எங்கே கை தயங்கியது, எந்த மெனுவை 3 முறை திறந்து மூடினார் என்ற குறிப்புகள்தான் உண்மையான ஃபீட்பேக்.

மதிப்பெண் வேண்டும் என்றால் 1986-ல் ஜான் புரூக் உருவாக்கிய 'எஸ்யூஎஸ்' படிவம் இருக்கிறது. 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'ஆமாம்' போடாமல் இருக்க, பாராட்டும் குறையும் மாறி மாறி வரும். 100-க்குக் கணக்கிடுவார்கள், ஆனால் அது சதவீதம் இல்லை. 68 என்பது சராசரி.

சரி, 5 பேர் போதுமா?

ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த கணக்கு இது. ஒருவர் சராசரியாக 31% குறைகளை வெளிக்கொண்டுவந்தால், 5 பேரில் சுமார் 85% வந்துவிடும். 15 பேரை ஒரே தடவை கூப்பிடுவதைவிட, 5 பேரிடம் சோதித்து, திருத்தி, அடுத்த 5 பேரிடம் போவது மேல் என்றார்.

எல்லோரும் ஏற்கவில்லை. 2003-ல் லாரா ஃபால்க்னர் 60 பேரை வைத்துச் சோதித்தார். சில 5 பேர் குழுக்கள் கிட்டத்தட்ட எல்லாக் குறைகளையும் பிடித்தன, சில குழுக்கள் 55% அளவிலேயே நின்றன. யார் அந்த 5 பேர் என்பதைப் பொறுத்தது.

பாட சாஃப்ட்வேரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாடத்தைச் செய்பவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர். ஆசிரியரின் பெரிய ஸ்கிரீனில் பளிச்சென்று இருக்கும் பாடம், மாணவரின் போனில் பாதி வெட்டுப்பட்டுத் தெரியலாம். பயன்படுத்துவோர் இரு வகை என்றால் ஒவ்வொரு வகையிலும் 3, 4 பேரைச் சோதிக்கச் சொல்கிறார் நீல்சன். மாணவர்களை விட்டுவிட்டால் பாதிச் சோதனைதான் நடந்திருக்கிறது.

உங்களைக் கூப்பிட்டால்?

ஸ்கிரீனையும் குரலையும் பதிவு செய்கிறார்களா, அதை யார் பார்ப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். நடுவில் நிறுத்திக்கொள்ளவும் உரிமை உண்டு. புரியாத இடத்தில் "புரியலை" என்று சத்தமாகச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.