மடத்துப் பள்ளிக்கூடமும் நம் பைசாவும்

சங்கமத்தையொட்டி வரும் மலருக்கு "நம்ம பக்கத்து வரலாறு ஏதாவது எழுதித் தாருமே" என்று செயலாளர் நண்பர் கேட்டபோது, எங்கள் ஊர் இரணியல் அரண்மனையைப் பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். அதற்குள் வீட்டில் வேறொரு பிரச்சினை வந்துவிட்டது. மகளுக்கு மூன்று வயது முடிந்தது. எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? அரண்மனை நானூறு வருஷம் காத்திருந்தது, இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு இப்போது இதே கேள்விதான் என்பது வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தாலே தெரிகிறது.

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு முதலில் வரும் பதில் "சிஸ்டர்மாரு ஸ்கூல்" என்பதுதான். இதில் மதம் பார்ப்பவர்கள் குறைவு. நாங்கள் கத்தோலிக்கர்கள் அல்ல. இருந்தும் என் அம்மா என்னை ஆர்.சி. பள்ளிக்கூடத்தில்தான் கொண்டுவிட்டாள். "அங்க கண்டிப்பு உண்டு, கணக்கு நல்லா வரும்" என்பது அவள் கேட்டு வைத்திருந்த செய்தி. கணக்கு வந்ததா என்பதை நம் கல்லூரியில் எனக்கு இரண்டாம் செமஸ்டர் விடைத்தாள் திருத்தியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மகளுக்காக ஒரு மடத்துப் பள்ளிக்குப் போனேன். ஒரே மதில், இரண்டு வாசல். இடது வாசலில் ஓடு வேய்ந்த பழைய கட்டடம். அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளி, கல்விக் கட்டணம் கிடையாது. வலது வாசலில் மூன்று மாடி மெட்ரிக்குலேஷன். எல்.கே.ஜி.க்கு ஆண்டுக்கு 38,000 ரூபாய், பஸ் தனி. இரண்டையும் நடத்துவது ஒரே சபையின் சகோதரிகள். நடுவில் நிற்கும் மாதா கெபி இரண்டுக்கும் பொது. "அது எய்டட், இது செல்ஃப் பைனான்ஸ்" என்றார் அலுவலகத்தில் இருந்த சிஸ்டர், அதற்கு மேல் விளக்கம் எதற்கு என்பதுபோல.

கட்டடத்தைப் பார்த்தால் பாரம் எங்கே போய் இறங்குகிறது என்று பார்ப்பது எங்கள் தொழில் புத்தி. இந்த இரண்டு வாசலின் பாரமும் எங்கே இறங்குகிறது என்று வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கினேன்.

திருவிதாங்கூரில் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817இலேயே ஆணை பிறப்பித்துவிட்டார். ஆணை ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம். நாடாரும் மீனவரும் புலையரும் பறையரும் அந்தக் கூடங்களுக்குள் கால் வைக்க இன்னும் பல தலைமுறை ஆயிற்று. அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள்தான் மிஷனரிகள். முதலில் வந்தது சீர்திருத்த சபை. 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1819இல் நாகர்கோவில் வந்த மால்ட் தம்பதியரில் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற காசில் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், படித்தார்கள். அடிமைகளாக இருந்த சிலர் தங்களையே விலை கொடுத்து மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855இல் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த நூலின் விலை புரியும்.

கத்தோலிக்கர்கள் பள்ளிக்கூட விஷயத்தில் கொஞ்சம் பிந்தித்தான் வந்தார்கள். இத்தனைக்கும் புனித சவேரியார் இந்தக் கடற்கரையில் நடந்தது 1544இல். வடக்கே வராப்புழை மறைமாவட்டத்தில் 1850களிலும் 60களிலும்தான், கோயில் இருக்கும் இடமெல்லாம் பள்ளிக்கூடமும் இருக்க வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு பிறந்தது. அதை முன்னின்று நடத்தியவர் சாவறை குரியாக்கோஸ் அச்சன், 2014இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். ஏழைப் பிள்ளைகள் பசியால் நின்றுவிடக் கூடாதென்று அவர் கண்ட வழி பிடியரிசி. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட வேண்டும், வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். நம் பக்கத்திலும் பிடியரிசி தெரியாத சபை இல்லை.

("பள்ளி" என்றால் மலையாளத்தில் கிறிஸ்தவக் கோயில், அதையொட்டிக் கட்டிய கூடம் பள்ளிக்கூடம் என்று சிலர் சொல்வதுண்டு. அழகான விளக்கம், ஆனால் அந்தச் சொல் அதைவிடப் பழையது. சமணத் துறவியர் தங்கிய இடமும் பள்ளிதான். சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதறால் மலை ஏறிப் பாருங்கள்.)

இரணியலிலிருந்து தக்கலை, அழகியமண்டபம் வழியாகப் போனால் முளகுமூடு. 1897இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்து மடத்திலிருந்து மரி லூயிஸ் டி மேஸ்டர் என்ற கன்னியாஸ்திரி ஒரே ஒரு துணையோடு அங்கே வந்து இறங்கினார். கார்மல் சபைக் குருக்கள் ஆதரவற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார்கள். அநாதை இல்லம், மருந்து, எழுத்து, அதோடு லேஸ். முளகுமூட்டுப் பெண்கள் பின்னிய லேஸ் கப்பலேறிப் போனது. அங்கே தொடங்கிய சபைதான் மரியாயின் மாசற்ற இருதய மறைபரப்புச் சகோதரிகள் சபை. பிலிப்பைன்ஸில் பேர்பெற்ற செயின்ட் தெரசா கல்லூரிகளைத் தொடங்கியவர்களும் இவர்களே. மணிலாவில் படித்த ஒருவரிடம் "உங்கள் சிஸ்டர்கள் எங்கள் முளகுமூட்டிலிருந்து வந்தவர்கள்" என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஊரின் பெயரை உச்சரிக்க வைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

ஆக, தொடக்கத்தில் மடத்துப் பள்ளியின் பாரம் பிள்ளையின் தகப்பன் மேல் இல்லை. லேஸ் நூலிலும், பிடியரிசிப் பானையிலும், ஐரோப்பாவில் யாரோ உண்டியலில் போட்ட காசிலும், சம்பளம் வாங்காத சிஸ்டரின் உழைப்பிலும் அது இறங்கியது.

ஆனால் பள்ளிகள் பெருகியபோது உண்டியல் போதவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் திருவிதாங்கூர் அரசு தனியார் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. அரசு பாடத்திட்டத்தை ஏற்க வேண்டும், இன்ஸ்பெக்டர் வந்தால் பதிவேட்டைக் காட்ட வேண்டும். 1905 முதல் 1931 வரை கொல்லம் ஆயராக இருந்த சுவிட்சர்லாந்துக்காரர் பென்சிகர் காலத்தில் நம் பகுதியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. 1930இல் கோட்டாறு தனி மறைமாவட்டம் ஆயிற்று. அப்போதும் மேல்வகுப்புகளுக்குக் கட்டணம் உண்டு. இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். என் தாத்தா தறிக்காரர். நாலாம் வகுப்பு வரை ஓடினார், அதற்கு மேல் சக்கரம் இல்லை. "எனக்குப் படிப்பு வராமப் போகல்ல மக்களே, பைசா வரல்ல" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அரசு பணம் கொடுத்தால் அதிகாரமும் கேட்கும். 1945இல் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் தொடக்கக் கல்வியை அரசின் கைக்குக் கொண்டுவரும் திட்டத்தை அறிவித்தார். இலவசக் கட்டாயக் கல்வி என்பது அதன் நல்ல முகம், தனியார் தொடக்கப் பள்ளிகள் மறைந்துபோகும் என்பது அதன் மறுமுகம். சங்ஙனாச்சேரி ஆயர் ஜேம்ஸ் காளாச்சேரி அதைக் கண்டித்துச் சுற்றுமடல் எழுதினார். திவான் திரும்பப் பெறச் சொன்னார், ஆயர் மறுத்துவிட்டார். அந்தத் திவானை எதிர்த்து நிற்பது அன்று லேசான காரியம் அல்ல. ஆனால் என் தாத்தாவைப் போன்றவர்களின் பக்கமிருந்து பார்த்தால், இலவசம் என்ற சொல்லையும் தள்ளிவிட முடியாது. இந்த வழக்கில் இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு என்பதே என் எண்ணம்.

1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை நான்கும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. எட்டு மாதம் கழித்துக் கேரளத்தில் முண்டசேரியின் கல்வி மசோதா வந்தது. ஆசிரியர் நியமனத்தில் அரசு கைவைக்கிறது என்று கத்தோலிக்க சபையும் நாயர் சர்வீஸ் சொசைட்டியும் சேர்ந்து கிளம்பின. மசோதா உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்குப் போய், 1958இல் சிறுபான்மையினரின் கல்வி உரிமை பற்றிய முக்கியமான விளக்கம் வந்தது. 1959 ஜூலை 31இல் இ.எம்.எஸ். அரசே கலைக்கப்பட்டது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்காக ஊர்வலம், தடியடி. இந்தப் பக்கம் அதே சபை, அதே உறவுக்காரர்கள், பத்திரிகை வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லைக் கோடு கொஞ்சம் தெற்கே தள்ளி விழுந்திருந்தால் நம் மாவட்டப் பள்ளிகளின் கதையே வேறு.

தமிழ்நாட்டில் நடந்தது சத்தமில்லாத மாற்றம். 1960களில் பள்ளி இறுதி வரை கல்விக் கட்டணம் போயிற்று. உதவி பெறும் பள்ளியின் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. கட்டடம் சபையுடையது, நிர்வாகம் சிஸ்டருடையது, சம்பளம் அரசுடையது. நான் படித்தது இந்த ஏற்பாட்டில்தான். 1990களின் நடுவில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். அப்பா கட்டியது நோட்டுப் புத்தகத்துக்கும் சில்லறை நிதிகளுக்கும் மட்டும். என் பெஞ்சில் முந்திரி ஆலைத் தொழிலாளியின் மகனும், பால்வெட்டுத் தொழிலாளியின் மகனும், டாக்டர் ஒருவரின் மகனும் இருந்தோம். அந்த டாக்டர் மகன் இன்றைக்கும் டாக்டர் மகனாகத்தான் இருக்கிறான் என்பது வேறு விஷயம்.

எனக்குத் தெரியாமலே அப்போது ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது. 1991-92 கல்வியாண்டுக்குப் பிறகு தொடங்கும் தனியார் பள்ளிக்கும் வகுப்புக்கும் அரசு மானியம் இல்லை என்பது அந்தக் கோடு. கஜானாவின் கஷ்டம் அவர்களுக்கு. இதே காலத்தில் வளைகுடாப் பணம் ஊருக்குள் வந்தது, ஆங்கிலவழி ஆசை வந்தது. மானியம் இல்லாமல் புதுப் பள்ளி தொடங்கினால் சம்பளம் யார் கொடுப்பது? பெற்றோர்தான். அந்த வலது வாசல் இப்படித் திறந்ததுதான். சிஸ்டர்களுக்குப் பேராசை என்று டீக்கடையில் பேசுகிறோம், அது பாதிதான் உண்மை. லேஸ் நூல் தாங்கியதை மானியம் தாங்கியது, மானியம் நின்ற இடத்தில் நம் மாதச் சம்பளம் தாங்குகிறது.

பெற்றோருக்குப் பாதுகாப்பே இல்லையா என்றால், உண்டு. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டணக் குழு ஒவ்வொரு சுயநிதிப் பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. நீதிபதி கோவிந்தராஜன் குழு என்று நாம் சொல்லிப் பழகியது அதுதான். பள்ளி கேட்கும் தொகைக்கும் குழு விதித்த தொகைக்கும் வித்தியாசம் உண்டா என்று பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. நம் ஆட்கள் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடம் மடத்துப் பள்ளியில் கிடைக்குமா என்று ஒரு நண்பர் கேட்டார். 2014இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. ஏழைகளுக்கென்று தொடங்கியவர்களின் பள்ளியில் ஏழைக்கு ஒதுக்கீடு இல்லை. சட்டத்தில் அதற்கு வலுவான காரணம் இருக்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இடது வாசலுக்கும் சிக்கல் உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. காலைச் சிற்றுண்டி கிராமப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024இல்தான் வந்தது. வசதி உள்ளவன் வலது வாசலுக்குப் போகிறான், சலுகை தேடுபவன் அரசுப் பள்ளிக்குப் போகிறான், நடுவில் ஓட்டுக் கட்டடம் காலியாகிறது.

வீட்டில் ஒரு வாரம் பேச்சு. மனைவிக்கு இங்கிலீஷ் மீடியம்தான். "நீங்க தமிழ் மீடியத்துல படிச்சிட்டு முதல் இண்டர்வியூல நாக்கு ஒட்டிக்கிட்டதை நீங்கதானே சொன்னீங்க" என்றாள். சொன்னது உண்மை, மறுக்க முடியவில்லை. அம்மா மட்டும் "38,000 ரூபாயா, எழுத்தாணிப் பால் குடிக்கவா?" என்று கேட்டாள். கடைசியில் எய்டட் பள்ளியில் எல்.கே.ஜி.யே இல்லை, ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் மானியம் என்ற விவரம் எங்கள் சண்டையைத் தீர்த்து வைத்தது. சீட்டு எடுத்த பணத்தில் முதல் தவணை கட்டி ரசீது வாங்கினேன். ஒன்றாம் வகுப்புக்கு எந்த வாசல் என்பதை இரண்டு வருஷம் கழித்து முடிவு செய்வோம் என்று சொல்லியிருக்கிறேன். மனைவி சிரித்தாள்.

ரசீதோடு வெளியே வரும்போது இடது வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார். ஒன்றாம் வகுப்பில் இதுவரை ஒன்பது பிள்ளைகள் என்றார். ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கை எடுப்பார்கள், ஆள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரியாகிவிடும். மகளைப் பார்த்து, "இவளுக்கு எப்போ அஞ்சு வயசு ஆகும் சார்?" என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த நோட்டில் பெயரையும் வருஷத்தையும் எழுதிக்கொண்டார்.